காவியக் கதையில் ஒருவரைச் சாகடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் என்னிடம் நாவல் பிரதியைப் படிக்கக் கொடுக்கும் இளைஞர்களில் பலர் எழுதுவது அரசர்கள், மந்திரம், பெரும்போர் என்று விரியும் கற்பனைக் காவியங்கள். எல்லாவற்றிலும் ஒரு முக்கியமான சாவு உண்டு. தொடக்கத்தில் நான் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பமெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

சாகப்போகிறவரை அவசரமாக நல்லவராக்குவது

முந்தின அத்தியாயத்தில் திடீரென்று ஊரில் இருக்கும் அம்மாவைப் பற்றிப் பேசுவார், குழந்தைக்குப் பழம் கொடுப்பார். ஆள் போகப்போகிறார் என்று வாசகருக்கு அப்போதே தெரிந்துவிடும். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் வீரர் போரோமிர், தோழன் சுமந்துவந்த மந்திர மோதிரத்தைப் பறிக்கப் பார்த்தவர். அந்தக் கறையோடுதான் ஹாபிட் என்னும் சிற்றுருவ இனத்தவர் இருவரைக் காக்க நின்று மடிகிறார். அந்தச் சண்டையை ஆசிரியர் நேரே காட்டவில்லை. தோழர் அரகோர்ன் ஓடிவரும்போது போரோமிர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உடலெங்கும் அம்புகள், கையில் முறிந்த வாள், பக்கத்தில் இரண்டாகப் பிளந்த கொம்பு.

நீண்ட கடைசிப் பேச்சு

கம்பனின் கும்பகர்ணன் இராமனிடம் கேட்பவை இரண்டே: தம்பி வீடணனை இராவணனிடமிருந்து காப்பாற்று, மூக்கறுந்த இந்த முகத்தைப் பிறர் பார்க்காதபடி தலையை வெட்டிக் கடலில் போட்டுவிடு. தத்துவம் பேசாமல், ஏதாவது கேட்கச் சொல்லுங்கள்.

செத்தவரைத் திருப்பிக் கொண்டுவருவது

வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். குன்னூரிலிருந்து வரும் ஒரு பெண் மலைக்கோட்டை ஒன்றைப் பற்றி எழுதுகிறாள். வாயில் காக்கும் கிழவர் எதிரியைத் தடுத்து நின்று சாகிறார். அந்தக் காட்சி நன்றாகவே இருந்தது. அடுத்த அத்தியாயம், மறுநாள் காலை கோட்டைக் கதவு திறந்தது, படை புறப்பட்டது என்று தொடங்கியது.

"கதவை யாரும்மா திறந்தது?" என்று கேட்டேன்.

விழித்தாள். அந்தத் தாழை இழுக்கும் வாகு கிழவருக்கு மட்டும்தான் தெரியும் என்று முன்னால் அவளே எழுதியிருந்தாள்.

"அது சின்ன விஷயம்தானே அக்கா?"

அதுதான் விஷயமே. கிழவர் இல்லாத காலையில் கதவு மக்கர் பண்ண வேண்டும். புதிய பையன் தாழோடு மல்லுக்கட்ட வேண்டும். வெளியே நிற்கும் வீரன் பழக்கதோஷத்தில் கிழவரின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அப்படியே திருத்தி எழுதி வந்தாள். சாவுக் காட்சியில் ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் இப்போது படிக்கும்போது நெஞ்சை அடைத்தது.

இந்தத் தவறில் நஷ்டம் அதிகம். செத்தவரைப் பற்றிக் கதைக்குள் இருப்பவர்களுக்கே கவலை இல்லையென்றால் எனக்கென்ன என்று வாசகர் ஒதுங்கிவிடுவார். அப்புறம் நீங்கள் யாரைக் கொன்றாலும் அவர் அசையமாட்டார்.

போரோமிரின் கொம்பு அவரோடு போய்விடவில்லை. அதன் இரு துண்டுகளும் ஆற்றில் மிதந்து வந்து தந்தை டெனத்தோரின் கைக்குச் சேர்கின்றன. அவற்றை மடியில் வைத்திருப்பவரின் முன்னால்தான், யாரைக் காக்க மகன் செத்தானோ அந்த இருவரில் ஒருவனான பிப்பின் வந்து நிற்கிறான். பட்ட கடனுக்கு ஈடாகத் தன் சேவையைத் தருகிறான். மகாபாரதத்தில் 13ஆம் நாள் அபிமன்யு விழுகிறான். மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ஜுனன் சபதம் செய்கிறான். அந்த 14ஆம் நாளில் போர் இருட்டிய பிறகும் நிற்பதில்லை. கடோத்கசன் சாவது அந்த இரவில்தான்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தோடர்களிடம் முன்பு ஒருவருக்கு இரண்டு ஈமச் சடங்குகள் நடந்ததை மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தகனத்தோடு ஒன்று, எடுத்துவைத்த எச்சங்களோடு, நாள் கழித்து மற்றொன்று. உங்கள் கதையிலும் துக்கம் இப்படி இன்னொரு முறை வரட்டும், எல்லோரும் தேறிவிட்ட பிறகு.

சடங்கை அப்படியே எடுத்துக்கொள்வது

பெயரை மட்டும் மாற்றித் தோடர் சடங்கையே கதையில் வைத்துவிடாதீர்கள். அது இன்றும் நம் பக்கத்தில் வாழும் மக்களின் துக்கம். உங்கள் நாட்டு மக்கள் எதை வளர்த்தார்கள், எதை உண்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று யோசித்து, அவர்களுக்கென்று ஒரு சடங்கை நீங்களே உண்டாக்குங்கள்.