மதுரைப் பயணத் திட்டத்தில் விட்டுப்போகும் நடுப்பகல்

எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் திட்டத்தை எழுதியே கொண்டுவருவார்கள். காலையில் அழகர்கோவில், 11 மணிக்குத் திருப்பரங்குன்றம், 1 மணிக்கு மீனாட்சியம்மன் கோவில், 3 மணிக்குக் கொடைக்கானலுக்குக் கார். கிலோமீட்டர் கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. கோவில் நடை சாத்தும் நேரம்தான் அதில் இருக்காது. மீனாட்சி கோவில் உச்சிக்காலம் முடிந்து 12.30 வாக்கில் சாத்தினால், மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். போன ஆண்டு என் சித்தி தூத்துக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து, சாத்திய கதவைப் பார்த்து வெளியிலேயே கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கோவிலுக்குள் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. கூட்டத்தில் பிரிந்தால் கூப்பிட வழியில்லாமல் குழந்தைகளும் பெரியவர்களும் தவித்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிரிந்துபோனால் பொற்றாமரைக்குளத்தின் எந்தப் படியில் காத்திருப்பது என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் என் பார்வையில் பெரிய தவறு. மதுரையைச் சுற்றியிருக்கும் குன்றுகளைப் பார்க்காமல் போகிறவர்கள் பாதி மதுரையை விட்டுவிட்டுப் போகிறார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் தாமரைக் குளத்தையும் கருப்பசாமி கோவிலையும் கடந்து படியேறினால், பேச்சிப்பள்ளத்தில் சமண அருகர்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் பாறையில் நிற்கிறார்கள், காலடியில் வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகையில், சிங்கத்தின் மேல் அமர்ந்து போரிடும் பெண் தெய்வம். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தும் பாண்டியர் குடைந்த சிவன் கோவிலும் அங்கே உண்டு. இந்த மலைகளுக்குப் போகிறவர்களும் நேரத்தில்தான் தவறுகிறார்கள். 11 மணிக்கு மேல் பாறை கொதிக்கும். விடிந்தவுடன் ஏறி 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். சிலைகளின் மேல் சாக்குக்கட்டியால் பெயர் எழுதும் பிள்ளைகளைத் தடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற முகங்கள் அவை.

சரி, நடுப்பகலை என்ன செய்வது? கீழடிக்குப் போங்கள். நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர் அளவுதான். ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டித் திரும்ப வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் கட்டியது. தந்தத்தில் செய்த பகடைக்காயையும், 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓட்டையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். ராமேஸ்வரம் போகிறவர்கள் இதை வழியிலேயே வைத்துக்கொள்ளலாம். வார விடுமுறை எந்த நாள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலை அதே நாளில் சேர்க்காதீர்கள். மலைப்பாதையோடு நாலு மணி நேரம் ஆகும். சொந்த வண்டியில் போனால் 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய் நின்றுவிட்டு, ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்து ஓடுவது இங்கே வழக்கமான காட்சி. கொடைக்கானல், தேனி, கோவை பஸ்கள் ஆரப்பாளையத்திலிருந்து கிளம்புகின்றன.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிறவர்கள், அந்த நாட்களில் வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் எழுத வேண்டாம். வண்டி நகராது. அறை கிடைப்பதும் அரிது.

சித்தி தை மாதம் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை இரண்டு இரவு தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இரவில் சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூஜையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.