அடையாற்றுச் சண்டையை நடித்துக் காட்டப் போகிறீர்களா? முதலில் அந்தச் சிவப்புத் துணியைத் திருப்பிக் கொடுங்கள்

போன வாரம் ஒரு கல்லூரிப் பிள்ளைகளின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். 1746ல் நடந்த அடையாற்றுச் சண்டையை மைதானத்தில் நிகழ்த்திக் காட்டப் போகிறார்களாம். மரத்தடியில் தையல்காரர் ஒருவர் வரிசையாக நிற்கவைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி மூட்டை. அவிழ்ந்த முடிச்சு வழியே தெரிந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல ரத்தச் சிவப்பு.

எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே சிவப்பைத்தான் வாங்கினேன். அதனால்தான் செய்யக்கூடாத தவறுகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன். கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள், செல்போனை ஒளித்துவையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அங்கே இல்லாதவனுக்குக் கோட்டு தைப்பது

சென்னையில் நடந்த பழைய சண்டை என்றாலே ஒரு பக்கம் இங்கிலீஷ் துரை, மறுபக்கம் நம்மவர் என்று மனது தானாகக் கோடு போட்டுவிடுகிறது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் வேஷம் போட்டு வளர்ந்த பழக்கம். அடையாற்றில் அது செல்லாது.

அந்த வருடம் செப்டம்பரிலேயே பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே இங்கிலீஷ்காரர்களிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். பிடித்த ஊரை ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சொல்லியிருந்தார். ஒப்படைக்கவில்லை. நவாப் தன் மகன் மாஃபூஸ் கானை அனுப்பினார். கூட வந்தவர்கள் சுமார் 10,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. புதுச்சேரியிலிருந்து எதிர்த்து வந்த பாரடி என்ற சுவிட்சர்லாந்துக்காரரிடம் இருந்ததோ 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும்தான். பீரங்கி ஒன்றுகூட இல்லை. வடகரையில் பீரங்கிகள் காத்திருக்க, அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள். கரையேறியதும் ஒரே நேரத்தில் சுட்டுவிட்டு பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பாய்ந்தார்கள். நவாப் படை சாந்தோமுக்குள் பின்வாங்கியது, தெருக்களிலும் அடி வாங்கியது.

இதில் இங்கிலீஷ் படை எங்கே வருகிறது? வரவே இல்லை. கோட்டையை இழந்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு இது தெரிந்தது நிகழ்ச்சி முடிந்த பிறகு. 22 கோட்டு, ஒன்றுக்கு 900 ரூபாய் கூலி, பித்தளைப் பொத்தானுக்குத் தனிக் காசு. வெயிலில் பையன்கள் வியர்வையில் நனைந்து நின்றார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “தம்பி, எல்லாம் நல்லா இருந்துச்சு. அந்தச் செவப்புக் கோட்டு ஆளுங்க யாரு?”

“இங்கிலீஷ்காரங்க, ஐயா.”

“அவங்கதான் ஊரையே பறிகொடுத்துட்டு இருந்தாங்களே, இங்க எப்படி வந்தாங்க?”

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பணம் போனது போகட்டும். அந்தக் கோட்டு சண்டையின் கதையையே மாற்றிவிடுகிறது. பாரடியோடு ஆற்றைக் கடந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். எதிரே நின்றவர்களும் இந்த நாட்டுக்காரர்கள். யாருக்குக் கைதட்டுவது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. புதிதாக வருகிறவர்கள் இதற்குப் பயந்துதான் சிவப்புக் கோட்டு வில்லனைக் கொண்டுவருகிறார்கள். புரியாமல் முழிக்கட்டுமே! போன வாரமும் ஒரு பையன் கேட்டான்: “சார், கிளைவ் யாரு பண்றது?” அப்போது கிளைவ் 21 வயது குமாஸ்தா, தோற்றுப்போன ஊரில் இருந்தவர். யாரும் பண்ண வேண்டாம்.

உடை அவ்வளவு கஷ்டமில்லை. ஐரோப்பியருக்குச் சாயம் போடாத பருத்திச் சட்டை, முக்கோணத் தொப்பி. சிப்பாய்களுக்குத் தலைப்பாகை, இடுப்புக் கச்சை. பிற்காலப் படங்களில் பார்க்கிற சீருடையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

சரவெடி

தீபாவளி மாதிரி படபடவென்று வெடிக்கவிட்டால் சண்டையின் சூட்சுமமே போய்விடும். பழகிய படை எல்லாத் துப்பாக்கியையும் ஒன்றாகச் சுடும். ஒரே ‘டம்’. அப்புறம் அமைதி. அந்த அமைதியில் தாள் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும், கொஞ்சம் மருந்தைப் பக்கக் கிண்ணத்தில் தட்டி மூட வேண்டும், மீதியைக் குண்டோடு குழாய்க்குள் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும். தேர்ந்தவனுக்கு இருபது விநாடி பிடிக்கும். ஐந்தடி மூங்கில் கழியை வைத்துக்கொண்டு வாயால் எண்ணிப் பழகுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனால் கை தானாகப் போகும். சத்தத்துக்கு ஒரு பறை போதும்.

நிஜ வெடிமருந்து

உரிமம் இல்லாமல் கூடாது. உரிமம் இருந்தாலும் நான் வரமாட்டேன்.

இருபதுக்கு இருபது

நாற்பது பேரைச் சரிபாதியாகப் பிரித்தால் அது கபடி. ஒருவனுக்குப் பத்துப் பேர் என்பதுதான் இங்கே விஷயம். ஆளுக்கு எங்கே போவது? பார்க்க வந்த கூட்டத்தையே வடகரையில் நிறுத்திவிடுங்கள். குழந்தைகளுக்கு ஒரே குஷி, ஓடச் சொன்னால் நவாப் படையைவிட வேகமாக ஓடுகிறார்கள்.

தேதி

அக்டோபர் 24, நவம்பர் 4 இரண்டும் ஒரே நாள். 1752 வரை இங்கிலீஷ்காரர்களின் நாட்காட்டி 11 நாள் பின்தங்கியிருந்தது. பேனர் அடிக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

அதே நாளில்தான் நடத்துவேன் என்பது

அந்த அக்டோபரில் அடித்த புயல் லா பூர்தொனேயின் கப்பல்களையே சின்னாபின்னமாக்கியது. உங்கள் பந்தல் எம்மாத்திரம்? ஜனவரியில் வையுங்கள்.

ஆற்றில் இறங்குவது

இன்றைய அடையாற்றிலா? நீலத் துணி விரியுங்கள்.

ஒத்திகை முடிந்ததும் அந்தக் குழுத் தலைவி என்னிடம் வந்து, “உங்ககிட்ட 22 கோட்டு ரெடியா இருக்காமே சார், தந்தா எங்களுக்குத் தையல் கூலி மிச்சம்” என்றாள். பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாகத்தான் இருக்கின்றன. வந்தவாசிச் சண்டை நடத்தும்போது சொல்லம்மா, 1760 ஜனவரி 22, அங்கே அயர் கூட் என்ற தளபதியின் இங்கிலீஷ் படை நிஜமாகவே இருந்தது, அன்றைக்கு இஸ்திரி போட்டே தருகிறேன் என்றேன். அடையாற்றுக்குக் கிடையாது.