பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் நிறுவுவது எப்படி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதற்காக, நன்றாக ஓடுகிற லேப்டாப்பைத் தயவுசெய்து புளோக்குக்குக் கீழே குப்பையில் போட்டுவிடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், 4 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் ஒரு 16 ஜிபி யூஎஸ்பி வாங்குங்கள். மின்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) எட்சர் மென்பொருளால் அதில் எழுதுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டினால் (சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும், அதில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது திரையில் தெரிவது யூஎஸ்பியிலிருந்து ஓடும் மின்ட். டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை, அதனால் அவசரப்படாமல் வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

சரி, திருப்தியா? டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவும் ஐகானைத் திறங்கள். மொழி, கீபோர்டு எல்லாம் சுலபம். கவனிக்க வேண்டியது டிஸ்க் பக்கம்தான்: முழு டிஸ்க்கையும் அழிக்கும் தேர்வைக் கொடுத்தால் விண்டோஸும் குடும்பப் படங்களும் சேர்ந்தே போய்விடும், ஆகவே படங்களை முன்கூட்டியே வெளி டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு, திரையில் காட்டும் டிஸ்க்கின் அளவையும் சரிபார்த்த பிறகே தொடருங்கள். நேர மண்டலம் சிங்கப்பூர்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, சொல்லும்போது யூஎஸ்பியை உருவுங்கள். அப்புறம் கீபோர்டு அமைப்பில் தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.