சிகாகோவில் தங்கச் செல்லும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கு முதன்முறையாகப் புறப்படும் இளைஞர்களுக்கு உறவினரும் நண்பரும் வழங்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி நடத்தையைப் பற்றியதாகவே இருக்கிறது. கையால் சாப்பிடலாமா, பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கலாமா, பேருந்தில் போனில் உரக்கப் பேசலாமா என்பவற்றைப் பற்றிய கவலை அது. சிகாகோ போன்ற ஒரு மாநகரில் இவற்றில் தவறு நேர்ந்தால் யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் பணத்தையும் சில சமயம் அடுத்த பயணத்தையுமே பறிக்கக்கூடியவை வேறு வகைத் தவறுகள்: ஒரு பதிவில் உள்ள தேதி, பில்லின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள வரி, முகவரியில் இருக்கும் ஒற்றைத் திசைச்சொல், தெருக்கம்பத்தில் மாட்டிய பலகை ஆகியவற்றைப் படிக்காமல் விடுவது. யாரையாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம், தவறினால் எடுத்துச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம் வழக்கம் அங்கே அவ்வளவாகச் செல்லுபடியாகாது. எழுதி வைத்திருந்தால் அறிவித்தாயிற்று என்பதே அந்த ஊரின் நடைமுறை.

முதலில் தேதி. பத்து ஆண்டுக்கான சுற்றுலா விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, அந்தக் காலம் முழுவதும் விரும்பியபடி தங்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசா என்பது வாசல்வரை வந்து அனுமதி கேட்பதற்கான உரிமை மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியே முடிவு செய்கிறார், அது ஐ-94 என்னும் மின்பதிவில் ஏறுகிறது. சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும் என்றாலும், அதை ஊகித்துக்கொள்ளாமல், இறங்கிய ஓரிரு நாளிலேயே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்து, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் சரியாக உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்தத் தேதியை ஒரே ஒரு நாள் தாண்டினாலும் கையில் உள்ள விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்தாண்டும் மீண்டும் நுழையத் தடை உண்டு. இடையில் கனடாவுக்குச் சில நாள் போய்த் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைத்துவிடும் என்பது வாய்வழியாகப் பரவும் தவறான கணக்கு.

இதே விசாவில் வேலை செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எது வேலை என்பதில்தான் குழப்பம். தெரிந்தவரின் பெட்ரோல் நிலையத்தில் வார இறுதியில் கல்லாவில் அமர்வதும், பணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலையே. ரொக்கமாக வாங்கியதால் அது வேலையில்லை என்று ஆகிவிடாது. எல்லையில் அதிகாரிகள் கைப்பேசியைத் திறந்து பார்க்க அதிகாரம் உள்ளவர்கள் என்பதால், "வந்ததும் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம்" என்று நண்பர் விளையாட்டாக அனுப்பிய செய்திகூடப் பல கேள்விகளுக்கு வழிவகுக்கும். அபுதாபி வழியாகப் பறப்பவர்கள் இந்தச் சோதனை அங்கேயே, அமெரிக்க அதிகாரிகளாலேயே, விமானம் ஏறும் முன் நடக்கிறது என்பதை அறிந்து, இடைநிறுத்த நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை, அம்மாக்கள் அன்போடு வைத்தனுப்பும் கறிவேப்பிலைதான் முதல் குற்றவாளி. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியில் வாழ்வதால், பச்சை இலையைக் கொண்டுவரத் தடை உள்ளது. பழம், இறைச்சி சேர்ந்த உணவு ஆகியவையும் அப்படியே. உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று சொன்னால் அதிகபட்சம் பொருள் குப்பைக்குப் போகும். "இல்லை" என்று சொல்லி, மோப்ப நாய் பையருகே உட்கார்ந்துவிட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி நிவாரணிகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் என்பதால், எந்த மருந்தையும் மருத்துவரின் சீட்டோடும் அசல் அட்டையோடும் எடுத்துச் செல்வது நல்லது.

இனி முகவரி. சிகாகோவின் தெருக்கள் கட்டம் போட்ட தாளைப் போல அமைந்தவை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனையைச் சுழியம் என்று கொண்டு, எட்வர்ட் பிரென்னன் என்பவர் வகுத்த முறைப்படி 1909-இல் நகரின் வீட்டு எண்கள் மாற்றி அமைக்கப்பட்டன. அங்கிருந்து நான்கு திசையிலும் எண்கள் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான இடங்களில் 800 எண் கடந்தால் ஒரு மைல். இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்த நகரில் வரைபடமே அரிதாகத்தான் தேவைப்படும். புரிந்துகொள்ளாதவர், எண்ணுக்கு முன்பின்னாக நிற்கும் வடக்கு, தெற்கு என்ற திசையை அலங்காரம் என்று கருதி விட்டுவிடுகிறார். வடக்கு ஸ்டேட் தெரு 1200-க்கும் தெற்கு ஸ்டேட் தெரு 1200-க்கும் இடையே இரண்டு மைலுக்கும் அதிகமான தொலைவு இருக்கிறது. ஜனவரி மாத இரவில் அது வேடிக்கையான தவறு அல்ல. ஆற்றை ஒட்டிய வேக்கர் சாலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாக அமைந்திருப்பதால், கைப்பேசியின் வழிகாட்டி அங்கே அடிக்கடி தடுமாறும். வாடகை வண்டிக்காகக் காத்திருக்கும்போது மேல்தளமா கீழ்த்தளமா என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரயிலிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. நகர ரயிலின் தடங்கள் நிறத்தின் பெயரால் அழைக்கப்படுகின்றன. நிலையங்களுக்குப் பெரும்பாலும் அவை அமைந்த தெருவின் பெயரையே வைத்திருப்பதால், ஒரே பெயரில் பல நிலையங்கள் உள்ளன. 'வெஸ்டர்ன்' என்ற பெயரில் நீலத் தடத்தில் மட்டுமே இரண்டு நிலையங்கள்; பழுப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்புத் தடங்களில் ஒவ்வொன்று. எனவே நிலையத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகாமல், எந்தத் தடம், எந்தக் கிளை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு நீலத் தடம் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். நீலமும் சிவப்பும் இரவு முழுவதும் ஓடும், மற்றவை ஓடாது. நள்ளிரவில் ஏறுபவர்கள் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் அமர்வதும், கதவோரம் நின்று கைப்பேசியைப் பார்க்காமல் இருப்பதும் நல்லது. கதவு மூடும் கணத்தில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவது அங்கே பழகிப்போன திருட்டு முறை.

தமிழர்களுக்கே உரிய ஒரு தவறும் இங்கே உண்டு. "சிகாகோவில் மாமா இருக்கிறார்" என்று சொல்லும்போது, அந்த மாமா பெரும்பாலும் நேப்பர்வில்லிலோ அரோராவிலோ ஷாம்பர்க்கிலோ இருப்பார். அவை மாநகருக்கு வெளியே வெகுதொலைவில் உள்ள தனித்தனி ஊர்கள். அரோராவின் பாலாஜி கோயிலுக்கும் லெமாண்டின் ராமர் கோயிலுக்கும் கார் இல்லாமல் போய்வருவது ஒரு நாள் வேலையாகிவிடும். நேப்பர்வில்லுக்கும் அரோராவுக்கும் நகர மையத்தின் யூனியன் நிலையத்திலிருந்து மெட்ரா எனப்படும் புறநகர் ரயில் உண்டு, ஆனால் வார இறுதியில் வண்டிகள் குறைவு. அரிசி, பருப்பு வாங்க நகருக்குள்ளேயே, இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூ என்ற தெரு இருக்கிறது. சிவப்புத் தடத்தின் லயோலா நிலையத்தில் இறங்கி 155-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் போதும்.

பணத்தில் செய்யும் தவறுகள் சிறியவை, ஆனால் தினமும் நடப்பவை. அலமாரியில் ஒட்டியுள்ள விலையில் வரி சேர்ந்திருப்பதில்லை; சிகாகோவில் விற்பனை வரி பத்து விழுக்காட்டைத் தாண்டும், ஓட்டல் அறைக்கான வரியோ 17 விழுக்காட்டுக்கும் மேல். உணவகத்தில் 18 முதல் 20 விழுக்காடு வரை டிப்ஸ் வைப்பது பரிமாறுபவரின் வருமானத்தில் ஒரு பகுதி, விருப்பமிருந்தால் கொடுக்கும் அன்பளிப்பு அன்று. அதே நேரம், சில இடங்களில் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள்; அதைக் கவனிக்காமல் மேலும் 20 விழுக்காடு எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அருங்காட்சியகங்களின் "இலவச நாள்" பெரும்பாலும் சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதும் அறிவிப்பில்தான் எழுதியிருக்கும். லிங்கன் பார்க் விலங்குப் பூங்காவும் பில்சன் பகுதியின் மெக்சிகக் கலை அருங்காட்சியகமும் எல்லோருக்கும் இலவசம். பெட்ரோல் பம்பு இயந்திரம், அட்டைக்குரிய ஐந்து இலக்க அஞ்சல் எண்ணைக் கேட்டு இந்திய அட்டையை மறுத்தால், அட்டை பழுதென்று பதறாமல் உள்ளே சென்று கல்லாவில் கட்டலாம். வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்கே வரும் என்பதால், அந்தச் சிம்மில் ரோமிங்கை உயிரோடு வைத்திருப்பது அவசியம்.

தங்குமிடத்தில் வயது ஒரு தடை. சில ஓட்டல்கள் 21 வயது நிறையாதவருக்கு அறை தருவதில்லை. 25-க்குக் கீழ் உள்ளவர் கார் வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அறையை நேரில் பார்க்கும் முன்பே முன்பணத்தைப் பணப்பரிமாற்றச் செயலியிலோ பரிசு அட்டையிலோ கேட்பவர் மோசடிக்காரர், இதில் விதிவிலக்கு தேட வேண்டாம். வாடகைக் குடியிருப்பில் மிளகாய் தாளித்தால் புகையுணரி அலறும் என்பதையும் சமைக்கும் முன்பே நினைவில் கொள்ள வேண்டும். சில கட்டடங்களில் அந்த ஒலி நேராகத் தீயணைப்பு நிலையத்துக்கே போகும்.

நாளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த நகரிலேயே நமக்குப் பழக்கமான சான்று ஒன்று உண்டு. அளசிங்கப் பெருமாள் முதலான சென்னைச் சீடர்கள் திரட்டிய நிதியோடு புறப்பட்ட விவேகானந்தர், 1893 ஜூலை இறுதியில் சிகாகோ வந்து சேர்ந்தார். சர்வ சமயப் பேரவையோ செப்டம்பர் 11-இல்தான் தொடங்க இருந்தது. பேராளராகச் சேர அறிமுகச் சான்று வேண்டும் என்பதும் பதிவு முடிந்துவிட்டது என்பதும் வந்த பிறகே தெரிந்தன. கையிருப்புக் கரையவே, செலவு குறைந்த பாஸ்டன் பக்கம் போனார். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் பரிந்துரையோடு திரும்பியபோது பேரவை அலுவலகத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டு, ரயில் நிலையச் சரக்குக் கூடத்தில் இரவைக் கழித்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அவருக்கு மறுநாள் ஹேல் குடும்பம் கைகொடுத்தது; எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உடல்நலம் பற்றிய தவறுதான் மிகப் பெரிய செலவை இழுத்துவிடுவது. காய்ச்சலுக்கும் சுளுக்குக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகக் கூடாது. 'அர்ஜென்ட் கேர்' எனப்படும் சிறு மருத்துவ நிலையங்கள் அதற்காகவே உள்ளன, கட்டணமும் பன்மடங்கு குறைவு. மாறாக, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்குச் செலவுக்கு அஞ்சித் தயங்கவும் கூடாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கட்ட முடியுமா என்று பாராமல் உயிராபத்தில் உள்ளவரை நிலைப்படுத்துவது அவசரப் பிரிவின் கடமை. பில் பின்னால் வரும், அதைக் குறைத்துக் கேட்கவும் இடமுண்டு. 911 என்ற எண் சிம் இல்லாத கைப்பேசியிலும் வேலை செய்யும். பயணக் காப்பீட்டில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்த மலிவான திட்டத்தை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். அந்த வரம்பு அங்குள்ள விலைகளுக்கு அருகில்கூட வராது.

மதுவுக்கும் கஞ்சாவுக்கும் வயது வரம்பு 21. மதுக்கடையில் வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். கஞ்சாவில் இன்னொரு பொறி இருக்கிறது: இல்லினாய் மாநிலம் 2020 ஜனவரி 1 முதல் அதைச் சட்டப்படி விற்க அனுமதித்தாலும், அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருளே. குடிவரவு ஒன்றிய அரசின் கையில் இருப்பதால், கடையில் முறைப்படி ரசீதோடு வாங்கியவராக இருந்தாலும் வெளிநாட்டவர் நாட்டுக்குள் நுழைய மறுக்கப்படலாம். சக மாணவர்கள் வாங்குகிறார்கள் என்பது குடிமகனல்லாதவருக்குப் பாதுகாப்பு ஆகாது. காரில் போகும்போது போலீஸ் பின்னால் விளக்கைப் போட்டால், நம் ஊரில் செய்வதுபோல மரியாதைக்காக இறங்கி அவரிடம் நடந்து போகக் கூடாது. ஓரமாக நிறுத்தி, கைகளை ஸ்டியரிங் மீது தெரியும்படி வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும்.

வானிலையைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள் என்றாலும், எண்ணைச் சொல்லாததால் அது மனதில் பதிவதில்லை. 2019 ஜனவரி 30 அன்று ஓஹேரில் பதிவானது ஃபாரன்ஹீட்டில் மைனஸ் 23, அதாவது செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 31. அப்படிப்பட்ட நாளில் காற்றின் குளிரையும் சேர்த்துச் சொல்லும் 'விண்ட் சில்' கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மூடாத விரலும் காதும் சில நிமிடங்களிலேயே உறைபனிக் காயம் அடையும். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டர் இரண்டை அணிந்து சமாளித்துவிடலாம் என்று நினைக்காமல், கோட்டையும் நீர்புகாத காலணியையும் அங்கே போய் வாங்குவதே சிக்கனம். கோடையை லேசாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். 1995 ஜூலை வெப்ப அலையில் இந்த நகரில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே மலிவான அறை கிடைத்தால் அதில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டி உருவாகும் பனித்திட்டு உறுதியான தரைபோலத் தோன்றினாலும், அடியில் வெற்றிடமும் நீரும் இருக்கும்; படம் எடுப்பதற்காகக்கூட அதன்மேல் கால் வைக்கக் கூடாது.