கடமைக்கு எல்லை குறிப்பது எப்படி: குடும்பப் பொறுப்பும் சொந்த வாழ்க்கையும்

வெளியூரில் கிடைத்த வேலையில் சேரலாமா, உடல்நலமில்லாத தாயுடன் தங்கிவிடலாமா, மேற்படிப்பைத் தொடரலாமா, வீட்டுக் கடனை அடைக்க உடனே சம்பாதிக்கத் தொடங்கலாமா என்று குழம்புகிறவர்கள், கேள்வியை எப்போதும் முழு அளவில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். போவதா இருப்பதா என்று கேட்டால், எந்தப் பதிலும் யாரோ ஒருவருக்குத் துரோகமாகவே தோன்றும். கடமையையும் சுதந்திரத்தையும் உண்மையில் மோதவிடுவது, கடமைக்கு அளவே குறிக்கப்படாமல் இருப்பதுதான். என்ன செய்ய வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எதுவரை என்று வரையறுத்த கடமையோடு ஒருவர் தன் வாழ்க்கையையும் நடத்த முடியும். அந்த வரையறையைக் கண்டறியும் வழியைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

இப்படி அளவு பார்ப்பது அன்பில்லாத கணக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கடமையை மிகக் கண்டிப்பாக வலியுறுத்திய தத்துவவாதியாகிய இம்மானுவேல் கான்ட்டே, 1797-இல் வெளியான தம் அறநெறி நூலில் இதற்கு இடம் தந்திருக்கிறார். வாங்கிய கடனைத் திருப்பித் தருவது போன்ற கடமைகள் துல்லியமானவை. பிறர் நலம் பேணுவது போன்றவை விரிந்தவை, அவற்றை எவ்வளவு தூரம் செய்வது என்பதைத் தம் உண்மையான தேவைகளை எண்ணிப் பார்த்து அவரவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் நிலை. தன் உண்மையான தேவைகளைப் பலியிட்டுப் பிறர் மகிழ்ச்சியைப் பேண வேண்டும் என்பதை எல்லோருக்குமான விதியாக்கினால் அது தனக்குத்தானே முரண்படும் என்றும் அவர் சொல்கிறார்.

முதலில் எழுதிப் பாருங்கள்

ஒரு வாரம் முழுவதும், குடும்பத்துக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்பதோடு, அதை யார் கேட்டார்கள், நீங்கள் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும், வேறொருவர் செய்திருக்க முடியுமா என்பனவற்றையும் எழுத வேண்டும். மனக்கணக்கு இந்த விஷயத்தில் உதவாது. களைத்த மனம் எல்லாவற்றையும் ஒரே சுமையாகத்தான் பார்க்கும்.

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் தந்தையை உடனிருந்து கவனிக்கும் ஒரு மகளை எடுத்துக்கொள்வோம். அவர் நோட்டில் காலை மாத்திரை, ரத்த அழுத்தம் பார்ப்பது, குளிக்க வைப்பது, பிசியோதெரபி பயிற்சிக்குத் துணை நிற்பது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவை இருக்கும். அவற்றோடு, அலுவலகத்தில் இருக்கும்போது வரும் நான்கைந்து ‘எப்போது வருவாய்?’ அழைப்புகளும், மாலை முழுவதும் பக்கத்து அறையில் காரணமின்றி உட்கார்ந்திருந்த நேரமும் இருக்கும். முதல் வகை தேவை. அதை யாராவது செய்தே ஆக வேண்டும். இரண்டாவது வகை பெரும்பாலும் பழக்கம், அல்லது தனிமையைப் பற்றிய பயம். மாத்திரையை வேளைக்கு வேளை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, நாள்வாரியாகப் பிரித்த டப்பாவில் வாரம் ஒருமுறை நிரப்பி வைத்து, அவர் தாமாகவே எடுத்துக்கொள்ளப் பழக்கினால், மகளின் நேரம் மிச்சமாவதோடு தந்தைக்கும் தம் காரியத்தைத் தாமே பார்க்கிறோம் என்ற தெம்பு வரும். பயத்துக்கு மருந்து வேறு: நாள் முழுவதும் அரைமனதாக எடுக்கும் ஐந்து அழைப்புகளைவிட, சொன்ன நேரத்தில் தவறாமல் வரும் ஓர் அழைப்பு அதை நன்றாகத் தணிக்கும்.

சுமை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் தனியாகப் பாருங்கள். ஸ்டீவன் ஸாரிட்டும் அவர் குழுவினரும் 1980-களில் உருவாக்கிய பராமரிப்புச் சுமை வினாப்பட்டியல் இன்றும் மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் பயன்படுகிறது. பரவலாக வழங்கும் வடிவத்தில் அதில் 22 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டால், மொத்தம் 88 வரை போகும். உங்களுக்கென்று நேரம் போதவில்லை என்று தோன்றுகிறதா, நீங்கள் பராமரிப்பவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூசும் உணர்வுகள் ஓர் அச்சிட்ட பட்டியலில் வரிசையாக இருப்பதைக் காண்பதே பலருக்கு நிம்மதி தரும்.

இது உடல்நலத்தையும் தொடும் விஷயம். 66 முதல் 96 வயது வரையிலான தம்பதியரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து, ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரிப்பதோடு அதனால் மன, உடல் அழுத்தமும் இருப்பதாகச் சொன்னவர்களின் இறப்பு அபாயம், அத்தகைய பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அழுத்தம் இல்லாமல் பராமரித்தவர்களிடம் அப்படிப்பட்ட தெளிவான உயர்வு காணப்படவில்லை. கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு என்பதால் இதையே காரணகாரிய முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் ஓய்வை ஆடம்பரம் என்று தள்ளுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

உங்களுக்கு எந்தச் சுதந்திரம் வேண்டும்?

கடமையைப் போலவே சுதந்திரத்துக்கும் பெயர் சூட்டியாக வேண்டும். ‘எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும்’ என்பது கேட்பவர் காதில் ‘உங்களை விட்டுப் போகிறேன்’ என்றுதான் விழும். வாரத்தில் இரண்டு மாலைகள், தேர்வு முடியும்வரை காலையில் இரண்டு மணி நேரம், சம்பளத்தில் இவ்வளவு என் பெயரில் என்று சொன்னால், அதைப் பற்றிப் பேச வழியுண்டு. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் தன்னாட்சியையும் தனித்து நிற்பதையும் வேறுபடுத்திக் காட்டினார்கள். மனமொப்பிச் செய்யும் காரியத்தில், அது பிறருக்காகச் செய்யப்படுவதானாலும், தன்னாட்சி குறைவதில்லை. தனியாக வாழ்ந்தாலும் பிறர் நெருக்குதலுக்குப் பயந்தே முடிவெடுப்பவருக்கு அது இருப்பதில்லை. ஆகவே வீட்டை விட்டு வெளியேறுவதுதான் ஒரே வழி என்று முடிவுகட்டும் முன், எது உங்களை நெரிக்கிறது, வேலையா, அல்லது அதைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்காததா என்று பாருங்கள்.

நேரமும் பணமும் பங்கிடக்கூடியவை; எவ்வளவு என்பதில் விட்டுக்கொடுக்கலாம். யாரை மணப்பது, மணப்பதா வேண்டாமா, எதைப் படிப்பது, எதை நம்புவது என்பன அப்படியல்ல. பெற்றோரின் கருத்தை அவற்றிலும் மரியாதையோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் உங்களுக்காகப் பட்ட பாட்டுக்குப் பதிலாக அந்த முடிவுகளையே தந்துவிட வேண்டும் என்பது எவ்வகையிலும் நியாயமான பேரம் அல்ல. கீழ்ப்படிதலைக் கடமையோடு சேர்த்துக் கணக்கிடாதீர்கள்.

பேசும் விதம்

சண்டையின் நடுவில் எல்லை குறிக்க முயலாதீர்கள். அப்போது சொல்வது மிரட்டலாகத்தான் கேட்கும். அமைதியான ஒரு நேரத்தில், முதலில் நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள், பிறகு செய்ய இயலாததைச் சொல்லுங்கள். ‘அப்பா, காலையில் நான்தான் உங்களோடு இருப்பேன், மருத்துவரிடமும் நானே அழைத்துப் போகிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் அண்ணன் வந்து இருப்பார். மூன்று மாதம் இப்படிப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது போதுமானது. நீண்ட விளக்கம் வேண்டாம். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுப்பு வரும், கடைசியில் வகுப்பு அவசியமா என்ற விவாதத்தில் போய் நிற்பீர்கள்.

உடன்பிறந்தவர்களிடம் பேசும்போது ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். அதை யாரும் தம்மிடம் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வேலையை முழுமையாகவே ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பியால் குளிப்பாட்ட முடியாது. ஆனால் மருத்துவரிடம் நேரம் குறிப்பது, காப்பீட்டு நிறுவனத்தோடு பேசுவது, மாதக் கட்டணங்களைக் கட்டுவது ஆகிய அனைத்தையும் அங்கிருந்தே அவர் செய்யலாம். பணம் அனுப்புகிறவர் பெரும்பாலும் தம் பங்கு அத்தோடு முடிந்தது என்று உண்மையாகவே நம்புகிறார். உங்கள் நோட்டில் உள்ள மணிக்கணக்கைக் காட்டுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்பதையும் சேர்த்தே காட்டுங்கள். குறை சொல்வதைவிட இது பலமுறை நன்றாக வேலை செய்கிறது. பராமரிப்புக்கென விடுப்போ நேர மாற்றமோ உண்டா என்று உங்கள் அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள்.

குற்றவுணர்வு

எல்லை குறித்த முதல் சில வாரங்களில் குற்றவுணர்வு நிச்சயம் வரும். அதில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிரித்தறிவது மிக முக்கியம். செய்வதாக ஒப்புக்கொண்டதைச் செய்யத் தவறியதால் வருவது ஒன்று. அதற்குப் பரிகாரம், வருத்தம் தெரிவித்துத் தவறைச் சரிசெய்வது. ஒப்புக்கொண்டதை எல்லாம் செய்த பிறகும், அவர்கள் முகம் வாடியதால் வருவது மற்றொன்று; இதற்குப் பரிகாரம் எதுவும் தேவையில்லை, பொறுத்திருந்தால் போதும். அன்புக்குரியவர் வருந்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்தான். ஆயினும் ஒருவருடைய ஏமாற்றம் அவருக்கு நேர்ந்த கேடு அல்ல.

இந்த வாரங்களில் அழைப்புகள் முன்னைவிட அதிகமாகலாம். ஒன்பது முறை எடுக்காமல் இருந்துவிட்டு, அவசரம் ஏதும் இல்லாத பத்தாவது அழைப்புக்காக வகுப்பை விட்டு ஓடிவந்தால், பத்து முறை அழைத்தால் வருவார் என்பதைத்தான் கற்றுக்கொடுத்தவராவீர்கள். எப்போதாவது பலன் கிடைக்கும் பழக்கம்தான் எளிதில் மறையாதது என்பது நடத்தை உளவியலில் நன்கு தெரிந்த செய்தி. அதனால் எது அவசரம் என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: விழுந்துவிட்டால், மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால் எந்த நேரமானாலும் அழைக்கலாம். அவ்வகை அவசரத்துக்கு மட்டும் வேறொரு எண்ணையோ தனி ரிங்டோனையோ வைத்துக்கொண்டால் இருவருக்கும் சந்தேகம் இராது.

விதிவிலக்குகள்

இவ்வளவும் எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. சிறு குழந்தைகளின் தேவையைக் குறைத்துப் பேரம் பேச முடியாது. அங்கே பங்கீடு என்பது பெற்றோர் இருவருக்கும் இடையில்தான். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் எல்லைகள் தளரத்தான் செய்யும், ஆனால் எந்தத் தேதியில் மறுபடி பேசுவது என்பதை அப்போதே குறித்துவிட வேண்டும். இறுதிக்காலப் பராமரிப்பில் முடிவுத் தேதி வைக்க இயலாது என்பதால் மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்வது இன்னும் அவசியமாகிறது. அடிப்பவரிடமோ, உங்கள் பணத்தை வலிந்து பறிப்பவரிடமோ இந்த முறைகளை முயன்று கொண்டிருக்காதீர்கள். அங்கே முதல் வேலை பாதுகாப்பாக வெளியேறுவதும் வெளியார் உதவி பெறுவதும்தான்.

மூன்று மாதம் முடிந்ததும் பழைய நோட்டை எடுத்து இன்னொரு வாரம் எழுதுங்கள். கைவிடப்பட்டவை எவை என்று பாருங்கள்: தந்தையின் பயிற்சி ஒருமுறையும் தவறாமல் நடந்து, உங்கள் வகுப்பு மட்டும் பாதி நாள் தவறிப்போயிருந்தால், எல்லை இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. அப்போது உங்கள் மன உறுதியைக் கூட்ட முயல்வதைவிட, அந்த இரண்டு மாலைகளுக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளை நியமித்து, செலவில் அண்ணனின் பங்கு எவ்வளவு என்பதை அந்த வாரமே பேசி முடியுங்கள்.