பிட்ஸ் ராய்: 3,405 மீட்டர்தானே என்று நினைத்துவிடாதீர்கள்

பட்டகோனியாவில், அர்ஜென்டினாவும் சிலியும் சேரும் இடத்தில் நிற்கிறது பிட்ஸ் ராய் சிகரம். உயரம் 3,405 மீட்டர். நம் லே நகரமே இதைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அதனால் 'இவ்வளவுதானா?' என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அடிவாரத்து ஊரான எல் சால்டன் இருப்பதோ சுமார் 400 மீட்டரில். மிச்சமெல்லாம் ஏற்றம்தான்; அதில் உச்சிப்பகுதி செங்குத்தான கிரானைட் சுவர். இமயமலையின் அன்னபூர்ணா சிகரத்துக்குப் போன 1950ஆம் ஆண்டுக் குழுவில் இருந்த லியோனல் தெரே, 1952இல் கீடோ மன்யோனுடன் முதன்முதலாக இதன் உச்சியைத் தொட்டார். அவர்களைப் படுத்தியெடுத்தது உயரம் அல்ல, காற்று.

கோடையில் போனால் காற்று குறைவாக இருக்கும் என்பது அடுத்த தப்புக்கணக்கு. இங்கே கோடை என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காற்று வெறிபிடித்து வீசுவதும் அப்போதுதான். 49 டிகிரி தெற்கில் பசிபிக்கைக் கடந்து மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க வழியில் நிலமே கிடையாது. அது ஆண்டிஸில் மோதி, ஈரத்தையெல்லாம் தெற்குப் பட்டகோனியப் பனிவெளியில் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டு இறங்குகிறது. ஆகவே ஊரில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பாதீர்கள். அதே நேரத்தில் மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கலாம். லாகுனா தே லோஸ் த்ரெஸ் ஏரிக்குப் போகும் பாதையில் இது கண்கூடு. கீழே ஓங்கி நிற்கும் லெங்கா மரங்கள் மேலே போகப் போக வளைந்து குறுகிப் புதராகிவிடும். அப்புறம் அதுவும் இல்லை, உருளும் கற்கள்தான். கடைசி ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 400 மீட்டர் ஏற வேண்டும், ஒதுங்க இடமே இல்லாமல்.

மேகத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. சிகரத்தின்மேல் வில்லை வடிவ மேகம் ஒன்று அசையாமல் நின்றால், மேலே காற்றே இல்லை என்று தோன்றும். உண்மை நேர்மாறு. காற்று மலைமேல் ஏறிக் குளிரும்போது ஒரு விளிம்பில் மேகம் உருவாகிறது, இறங்கும்போது மறுவிளிம்பில் கரைகிறது. நடுவே காற்று பாய்ந்துகொண்டே இருக்கிறது. உச்சியில் ஒட்டியிருக்கும் மேகத்தைப் புகை என்று நம்பி, இதை எரிமலை என்றே நினைத்தவர்களும் உண்டு. பூமிக்கடியில் சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து இறுகிய பாறை இது. சுற்றியிருந்த மென்மையான பாறையைப் பனியாறுகள் அரித்துப்போக, இது மட்டும் மிஞ்சியது.

இன்னொன்று, வெயில் படும் பக்கம். தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். தெற்குச் சரிவுகளில்தான் பனி உருகாமல் கிடக்கும். படம் எடுக்க மாலைக்குக் காத்திருக்காதீர்கள். ஊரிலிருந்து தெரிவது கிழக்கு முகம், சிவப்பேறுவது விடியலில்தான்.