ஏசி வாங்குமுன் மொட்டைமாடியைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய கான்கிரீட் வீட்டைப் புதுப்பிக்கும்போது பலரும் முதலில் ஏசி மாட்டத்தான் இடம் தேடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனை. சித்திரை வெயில் கொளுத்திய நாளில், ராத்திரி ஒன்பது மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், பகலில் வாங்கிய வெயிலைத் தளம் இப்போது அறைக்குள் இறக்குகிறது. ஏசி பாதி நேரம் இந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும்.

மேலே வெறும் கான்கிரீட்டாக இருந்தால், வெயிலும் மழையும் தளத்தில் இறங்காமல் தடுக்கும் அடுக்கான சுருக்கி போடுங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலம் பரப்பி, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்க வேண்டும். மழைநீர்க் குழாயை நோக்கி 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் அவசியம்; இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கித் தளத்துக்குள் இறங்கும். சதுர அடிக்குச் சுமார் 15 கிலோ பாரம் ஏறும். அதனால் பழைய சுருக்கியின் மேலேயே இன்னொன்று போடவே கூடாது. கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு பெயர்ந்த தளமாக இருந்தால், பொறியாளர் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

தட்டோடு நன்றாக இருந்தால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சே போதும். பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, மூன்று நாள் வெயிலில் காயவிட்டு இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் அடித்த பூச்சு கொப்புளித்து உரியும். பொங்கலுக்குப் பிறகு செய்வது நல்லது. அழுக்கேறினால் பலன் குறையும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு மட்டும் போதாது, சாயங்கால வெயில் தாழ்வாக வரும். வெளிப்பக்கம் கீற்றுத் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டியிருக்கும்.

ஓட்டு வீட்டு முற்றத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்துவிடாதீர்கள். சூடான காற்று மேலேறி வெளியே போகும் வழி அது. மழைக்காக மூடியே ஆகவேண்டுமென்றால் ஷீட்டை ஒரு அடி உயர்த்தி, சுற்றிலும் வலை அடியுங்கள்.

பிறகு ஃபேன். 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், தினம் 15 மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் குறையும். 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அதன் வழியாகக் கொடுத்தால் ஃபேனின் சர்க்யூட் கெட்டுப்போகும்.